அரசும் அறக்கொடையும் கைகோத்த மருத்துவம்: நம் நகரின் வரலாற்றிலிருந்து சில பக்கங்கள்

 

உஸ்மான் சாலையில் நாள்தோறும் நடக்கிறோம். பனகல் பூங்காவைக் கடந்து கடைக்கும் வீட்டிற்கும் போய் வருகிறோம். மாம்பலத்தின் ஏரிப்பரப்பு 1920-களில் தியாகராய நகராக உருவெடுத்தபோது, அக்காலத்துப் பொதுவாழ்வில் முன்னின்றவர்களின் பெயர்கள் இங்குள்ள சாலைகளுக்கும் பூங்காவுக்கும் சூட்டப்பட்டன. அப்பெயர்களுக்கு உரியவர்கள் செய்தது என்ன என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? மர்ஹூம் சர் முஹம்மது உஸ்மான் சாஹிப் அவர்களும் பனகல் அரசரும் தத்தம் காலத்தில் ஒரே கேள்விக்கு விடை தேடியவர்கள். ஏழையின் நோய்க்கு மருத்துவம் அளிக்கும் பொறுப்பில் அரசின் பங்கு எவ்வளவு, அரசைச் சாராத மருத்துவர்களுக்கும் கொடையாளர்களுக்கும் உரிய பங்கு எவ்வளவு என்பதே அக்கேள்வி.

அதே கேள்வி இன்று "அரசு, தனியார் கூட்டு முயற்சி" என்னும் பெயரில் நம் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறது. காப்பீட்டு அட்டை, 108 அவசர ஊர்தி, தனியார் மருத்துவமனையில் அரசின் செலவில் அறுவை சிகிச்சை ஆகிய எல்லாம் அதன் வடிவங்களே. இதைப் புதிய ஏற்பாடு என்று எண்ணுவோர் உண்டு. நம் நகரின் வரலாறோ, இதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வயது உண்டு என்று காட்டுகிறது. அந்த நெடிய அனுபவம் கற்பிக்கும் பாடத்தை ஜமாஅத்தார் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வக்ஃப் தந்த முன்மாதிரி

ஆட்சியாளரின் ஆதரவும் தனிமனிதரின் கொடையும் மருத்துவரின் உழைப்பும் ஓரிடத்தில் சேர்வது இஸ்லாமிய வரலாற்றில் நன்கு அறியப்பட்ட ஒன்று. பீமாரிஸ்தான் என்று அழைக்கப்பட்ட மருத்துவமனைகள் பலவும் வக்ஃப் சொத்துக்களின் வருவாயில் நடந்தன. டமாஸ்கஸ் நகரில் சுல்தான் நூருத்தீன் கி.பி. 1154-இல் நிறுவிய மருத்துவமனையும், கெய்ரோவில் சுல்தான் கலாவூன் ஹிஜ்ரி 683-இல், அதாவது கி.பி. 1284-இல் எழுப்பிய மருத்துவமனையும் அவற்றுள் புகழ் பெற்றவை. கலாவூனின் மருத்துவமனையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதிகள் இருந்தன. காய்ச்சல், கண்நோய், அறுவை சிகிச்சை என நோயின் தன்மைக்கேற்ற பிரிவுகளும் இருந்தன. அந்த இடத்தில் பிற்காலத்தில் ஒரு கண் மருத்துவமனை எழுந்தது.

இந்நிறுவனங்கள் தலைமுறைகளைக் கடந்து நின்றதற்குக் கொடையின் அளவு மட்டும் காரணமன்று. யாருக்குச் சிகிச்சை, எந்த வருவாயிலிருந்து செலவு, யார் மேற்பார்வை என்பவை வக்ஃப் ஆவணத்தில் எழுதப்பட்டிருந்தன. வக்ஃப் செய்தவரின் ஷர்த்து, அதாவது நிபந்தனை, மார்க்கச் சட்டத்தின் வாசகத்தைப் போலவே மதிக்கப்பட வேண்டும் என்பது ஃபிக்ஹு அறிஞர்கள் வகுத்த விதி. முத்தவல்லி அச்சொத்தின் உரிமையாளர் அல்லர்; அதன் காவலர். நிபந்தனையும் காவலரும் இருந்த வரை அறம் நடந்தது. ஆவணத்தை மறந்து, கேட்பாரும் இல்லாத நிலை வந்தபோது அறச்சொத்துக்கள் கரைந்தன. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நம் சென்னையின் வரலாற்றைப் பார்ப்போம்.

கஞ்சித் தொட்டியிலிருந்து கோஷா ஆஸ்பத்திரி வரை

1782-இல் சென்னையைப் பஞ்சம் வாட்டியபோது, பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி வார்ப்பதற்காக வடசென்னையில் ஒரு சத்திரம் ஏற்பட்டது. மணியக்காரர் சத்திரம் என்பது அதன் பெயர். 1799-இல் டாக்டர் ஜான் அண்டர்வுட் என்பவர் அங்கு மருத்துவமனை ஒன்றைத் தொடங்கினார். அந்த வேரிலிருந்து வளர்ந்ததே ஸ்டான்லி அரசு மருத்துவமனை. முதியவர்கள் அதை இன்றளவும் "கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி" என்று அழைப்பதில் அந்த வரலாறு ஒளிந்திருக்கிறது. பசியைத் தீர்க்க வந்த அறம் நோயைத் தீர்க்கும் நிறுவனமாகி, பின்னர் அரசின் பொறுப்பாக விரிந்தது.

நம் சமுதாயத்தோடு இன்னும் நெருங்கிய வரலாறு திருவல்லிக்கேணியில் உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோஷா முறையைப் பேணிய முஸ்லிம் பெண்களும், உயர்குலத்து இந்துப் பெண்களும் ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்ட முன்வரவில்லை. பிரசவ வேதனையில் உயிர் பிரிந்தாலும் மருத்துவமனைப் படி ஏறாத நிலை இருந்தது. வழக்கறிஞரான தம் கணவருடன் சென்னைக்கு வந்திருந்த மேரி ஷார்லீப் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி இத்துயரைக் கண்டு, மருத்துவம் கற்கத் துணிந்தார். 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நான்கு பெண்கள் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். அவர்களுள் ஒருவர் இவர். பெண்களுக்குக் கல்லூரியின் கதவு திறக்க ஆதரவாக நின்றவர் சர்ஜன் ஜெனரல் எட்வர்டு பால்ஃபர். 1850-இல் சென்னையில் முஹம்மதியப் பொது நூலகம் உருவாகக் காரணமாக இருந்தவரும் இவரே என்பதை நாம் நன்றியுடன் நினைவுகூரலாம்.

ஷார்லீப் அம்மையார் லண்டனில் மேற்படிப்பை முடித்துத் திரும்பிய பின், 1885-இல் கோஷா பெண்களுக்கான மருத்துவமனை சென்னையில் தொடங்கப்பட்டது. பின்னர் அது சேப்பாக்கத்திற்கு இடம் மாறியது. நிலம் அரசுடையது. கட்டடத்திற்கு வெங்கடகிரி அரசர் 1 லட்சம் ரூபாய் வழங்கினார். அக்காலத்தில் அது எவ்வளவு பெருந்தொகை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அரசின் நிலம், செல்வரின் பணம், பெண் மருத்துவர்களின் உழைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தன. பெண்களுக்குப் பெண்களே மருத்துவம் பார்ப்பார்கள் என்னும் நிபந்தனையே அந்த நிறுவனத்தின் உயிர்நாடி. அந்த உறுதி இல்லாதிருந்தால் எத்தனை மாடிகள் கட்டினாலும் திருவல்லிக்கேணித் தாய்மார்கள் உள்ளே வந்திருக்கமாட்டார்கள். 1920-களின் தொடக்கத்தில் அரசே அதன் நிர்வாகத்தை ஏற்றது. விடுதலைக்குப் பின் அது கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை ஆயிற்று. ஆயினும் நம் வீடுகளில் அதன் பெயர் இன்றும் கோஷா ஆஸ்பத்திரிதான்.

பனகல் அரசரும் உஸ்மான் குழுவும்

1921 முதல் 1926 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராகப் பொறுப்பு வகித்தவர் நீதிக்கட்சித் தலைவரான பனகல் அரசர். அந்நாளில் ஆங்கில மருத்துவம் நகரங்களோடு நின்றிருந்தது. கிராம மக்களுக்கு வைத்தியரும் ஹகீமும் மருத்துவச்சியுமே துணை. ஆனால் அரசின் கண்ணில் அவர்களுக்கு மதிப்பில்லை.

இந்நிலையை ஆராய 1921-இல் சென்னை அரசு ஒரு குழுவை அமைத்தது. அதன் தலைவர் முஹம்மது உஸ்மான் சாஹிப்; செயலாளர் டாக்டர் கோ. சீனிவாசமூர்த்தி. ஆயுர்வேதம், சித்தம், யூனானி ஆகிய மூன்று முறைகளையும் ஆராய்ந்து 1923-இல் அறிக்கை தரப்பட்டது. அதுவே உஸ்மான் குழு அறிக்கை எனப் பெயர் பெற்றது. அதனைத் தொடர்ந்து கீழ்ப்பாக்கத்தில் இந்திய மருத்துவப் பள்ளி உருவாயிற்று. சீனிவாசமூர்த்தி அதன் முதல் தலைவரானார். தந்தையிடமிருந்து மகனுக்கும், உஸ்தாதிடமிருந்து சீடருக்கும் தனிப்பட்ட முறையில் கைமாறி வந்த கல்வி, பாடத்திட்டமும் தேர்வும் உள்ள பொதுக் கல்வி ஆயிற்று. உஸ்மான் சாஹிப் அவர்கள் பின்னர் 1934-இல் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராகவும் பொறுப்பேற்றார்கள். அப்பதவியால் அவர்களை அறிந்தவர்கள் பலர். மருத்துவ வரலாற்றில் அவர்கள் பெயர் தாங்கிய அறிக்கையை அறிந்தவர்கள் சிலரே.

அதே காலப்பகுதியில், 1924-25 வாக்கில், பனகல் அரசரின் ஆட்சியில் மற்றொரு திட்டமும் நடைமுறைக்கு வந்தது. மருத்துவம் படித்த ஒருவர் கிராமத்தில் குடியேறி மருந்தகம் நடத்தினால், அரசு அவருக்கு ஆண்டுதோறும் மானியம் தரும். மருந்துச் செலவுக்கும் உதவும். ஏழைகளுக்கு அவர் இலவசமாகச் சிகிச்சை அளிக்க வேண்டும். வசதி உள்ளவர்களிடம் கட்டணம் பெற்றுக்கொள்ள அவருக்கு அனுமதி உண்டு. இன்று அறிஞர்கள் கருத்தரங்குகளில் விளக்கும் "அரசு, தனியார் கூட்டு" என்பதன் இலக்கணம் முழுவதும் இத்திட்டத்தில் அடங்கியிருக்கிறது. கூட்டாளி அரசு ஊழியர் அல்லர். ஆனால் அரசின் பணிக்கு உடன்பட்டவர். அவருக்கு வருவாய் உண்டு. அதே நேரத்தில் ஏழைக்குரிய கடமையும் உண்டு.

இத்திட்டத்தின் குறையும் அதன் அமைப்பிலேயே இருந்தது. படித்த மருத்துவரின் மனம் நகரத்தையே நாடியது, மானியம் சிறியது. கட்டணம் தரும் நோயாளியும் தராத நோயாளியும் ஒரே வாசலில் காத்திருக்கையில், யார் முதலில் அழைக்கப்படுவார் என்பதைத் தொலைவிலுள்ள அலுவலர் எப்படி அறிவார்? நிபந்தனை எழுத்தில் இருந்தது. அதை அன்றாடம் கண்காணிக்கும் கண்கள் கிராமத்தில் போதவில்லை.

விடுதலைக்குப் பின்: நம் சுற்றுவட்டாரத்து நிறுவனங்கள்

விடுதலைக்குப் பிந்திய பத்தாண்டுகளில், தியாகராய நகருக்கு அருகிலேயே மூன்று நிறுவனங்கள் தோன்றின. நம் குடும்பங்களில் பலரும் அவற்றின் வாசலை மிதித்திருப்பார்கள்.

முதலாவது, இரயில் பாதைக்கு அப்பால் மேற்கு மாம்பலம் லேக் வியூ சாலையில் உள்ள பொது சுகாதார மையம். சமூகத் தொண்டர் எம்.சி. சுப்பிரமணியம் அவர்களின் முயற்சியால் 1953-இல் இது தொடங்கியது. குறைந்த கட்டணத்தில் நடுத்தர மக்களுக்கும் ஏழைகளுக்கும் மருத்துவம் தரும் நோக்கம் கொண்டது. பக்கத்துத் தெருக்காரர்கள் சேர்ந்து நடத்தும் மருத்துவமனை எவ்வளவு தூரம் வளரலாம் என்பதற்கு இது சான்று.

இரண்டாவது, அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அத்துயரமே இந்நிறுவனத்தின் தொடக்கம். 1952-இல் பிரதமர் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் மாதத்தில் 12 படுக்கைகளுடன் மருத்துவமனை திறக்கப்பட்டது. முத்துலட்சுமி அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். 2021-இல் மறையும் வரை டாக்டர் சாந்தா அங்கேயே பணியில் இருந்தார். பொதுமக்களின் நன்கொடையில் பிறந்த நிறுவனத்தை 1975-இல் மத்திய அரசு மண்டலப் புற்றுநோய் மையமாக அங்கீகரித்தது. கொடையாளர் தொடங்கிய பணியை அரசு அங்கீகரித்துத் துணை நின்றது. நிர்வாகம் தொண்டு நிறுவனத்தின் கையிலேயே நீடித்தது.

மூன்றாவது, தரமணிக்கு அருகில் வி.எச்.எஸ். என்று அழைக்கப்படும் தன்னார்வ சுகாதார சேவை மருத்துவமனை. அரசு மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த டாக்டர் கே.எஸ். சஞ்சீவி 1958-இல் இச்சங்கத்தை உருவாக்கினார். நிலத்தை அரசு வழங்கியது. 1963-இல் மருத்துவப் பணி தொடங்கியது. டாக்டர் சஞ்சீவியின் சிந்தனை தனித்தன்மை உடையது. நோய் வந்தபின் பணத்திற்கு அலைவதைவிட, நலமாக இருக்கும் காலத்திலேயே குடும்பம் தன் வருமானத்திற்கேற்ற சிறு சந்தாவைச் செலுத்தி வர வேண்டும். நோய் வரும்போது அந்தச் சந்தா காக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. வருமானம் குறைந்தவருக்குச் சந்தாவும் குறைவு. காப்பீட்டு அட்டை என்னும் சொல்லையே நம் மக்கள் அறியாத காலத்தில் அதன் கருத்தை அவர் நடைமுறைப்படுத்தினார்.

அதோடு நில்லாமல், ஏறத்தாழ 5,000 மக்களுக்கு ஒன்று என்னும் கணக்கில் சிறு சுகாதார மையங்களை அவர் வடிவமைத்தார். குறிப்பிட்ட நாட்களில் வரும் மருத்துவர், முழுநேரப் பணியாளர்கள், உள்ளூர் மக்களிலிருந்தே பயிற்சி பெற்ற முதலுதவியாளர் என்பது அதன் அமைப்பு. செலவில் ஒரு பங்கை அரசும், மற்றதைத் தொண்டு நிறுவனமும் உள்ளூர் மக்களும் ஏற்பது ஏற்பாடு. உள்ளூர் மக்கள் தாமும் பங்கு செலுத்துவதால், மருத்துவர் வந்தாரா, மருந்து இருந்ததா என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டாயிற்று. பனகல் அரசரின் காலத்துத் திட்டத்தில் போதாமல் இருந்த கண்காணிப்பு இங்கே கிராமத்தாரின் கையில் ஒப்படைக்கப்பட்டது.

காசநோய் ஒழிப்பில் கற்ற பாடம்

தனியார் மருத்துவரை அரசின் பணியில் இணைப்பதற்குக் காசநோய் ஒழிப்புத் திட்டம் நல்ல எடுத்துக்காட்டு. காசநோய்க்கான மருந்துகளை அரசு இலவசமாகத் தருகிறது. ஆனால் நீங்காத இருமலுடன் நம் மக்கள் முதலில் போய் நிற்பது தெருமுனை மருத்துவரிடம். அவர் எழுதித் தரும் மருந்தைக் கைக்காசு கொடுத்து வாங்குவார்கள். இருமல் சற்றுக் குறைந்ததும், செலவுக்கு அஞ்சி மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடுவார்கள். பாதியில் நிறுத்தப்பட்ட மருந்து நோயை வலுப்படுத்தும். வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் பரப்பும்.

திருத்தியமைக்கப்பட்ட தேசியத் திட்டம் 1999-இல் சென்னைக்கு வந்தபோது, அதே ஆண்டில் "ரீச்" என்னும் தொண்டு நிறுவனம் இங்குத் தோன்றியது. தனியார் மருத்துவர்களையும் அரசுத் திட்டத்தையும் இணைப்பது அதன் பணி. நோயாளி தாம் நம்பும் மருத்துவரிடமே தொடர்ந்து செல்லலாம், மருந்து அரசினுடையது, சிகிச்சை முடியும் வரை தொண்டர்கள் துணை நிற்பார்கள். 2012-இல், காசநோயாளியைக் கண்டறியும் எந்த மருத்துவரும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய அரசு ஆணையிட்டது. விருப்பத்தின் பேரில் தொடங்கிய ஒத்துழைப்பு இவ்வாறு கடமையாக உறுதி பெற்றது.

கொடையாளர் இடத்தில் ஒப்பந்ததாரர்

இதுவரை கூறியவற்றில் அரசின் கூட்டாளியாக நின்றவர் பெரும்பாலும் கொடையாளர் அல்லது தொண்டர். 2000-க்குப் பின் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. ஊதியம் பெற்றுப் பணி செய்யும் நிறுவனங்கள் அந்த இடத்திற்கு வந்தன.

தமிழ்நாட்டில் 108 அவசர ஊர்திச் சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. செலவு அரசினுடையது, இயக்கியது ஹைதராபாதில் 2005-இல் நிறுவப்பட்ட இ.எம்.ஆர்.ஐ. என்னும் நிறுவனம். அதை நிறுவியவர் சத்யம் கணினி நிறுவனத்தின் தலைவர். 2009 ஜனவரியில் சத்யம் நிறுவனத்தின் கணக்கு மோசடி நாடெங்கும் வெடித்தது. அவசர ஊர்தியின் கதி என்னாகும் என்னும் கவலை எழுந்தது. அவ்வாண்டில் ஜி.வி.கே. குழுமம் அந்நிறுவனத்தைப் பொறுப்பேற்றது, ஊர்திகள் ஓடிக்கொண்டிருந்தன. புரவலர் வீழ்ந்தாலும் பணி வீழாமல் நின்றதற்கு, அரசு தன் பணத்தையும் பொறுப்பையும் விலக்கிக்கொள்ளாதது முதன்மைக் காரணம். கூட்டாளி எவ்வளவு பெரியவராயினும், பொறுப்பு முழுவதையும் அவர் தோளில் ஏற்றிவிடக்கூடாது என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

அடுத்து வந்தது காப்பீட்டுத் திட்டம். அண்டை மாநிலமான ஆந்திரத்தில் 2007-இல் ஆரோக்கியஸ்ரீ திட்டம் தொடங்கியிருந்தது. தமிழ்நாட்டில் 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. நான்கு ஆண்டுகளில் ஒரு குடும்பத்திற்கு 1 லட்சம் ரூபாய் வரை உயிர்காக்கும் சிகிச்சை என்பது அதன் அளவு. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அதன் இடத்தைப் பெற்றது. ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய், சில சிகிச்சைகளுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் என வரம்பு உயர்ந்தது. 1,016 வகைச் சிகிச்சைகள் பட்டியலில் இடம்பெற்றன. 2018-இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்த பின் வரம்பு 5 லட்சம் ரூபாய் ஆயிற்று. தொடக்கத்தில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்களுக்கு என்றிருந்த தகுதி, 2022-இல் 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

இத்திட்டம் இயங்கும் முறையை ஜமாஅத்தார் அறிந்திருத்தல் நலம். குடும்பத்திற்கு இவ்வளவு என்று காப்பீட்டு நிறுவனத்திற்கு அரசு பிரீமியம் செலுத்துகிறது. பட்டியலில் உள்ள மருத்துவமனை, சிகிச்சைக்கு முன் அனுமதி கோருகிறது. ஒவ்வொரு சிகிச்சைக்கும் முன்கூட்டியே வகுத்த தொகை உண்டு. அதை மருத்துவமனை பெற்றுக்கொள்கிறது. அத்தொகைக்குள் அடங்கிய சிகிச்சைக்கு நோயாளி பணம் கட்ட வேண்டியதில்லை. அரசு மருத்துவமனைகளும் இத்திட்டத்தில் சிகிச்சை அளித்து அதற்குரிய தொகையைப் பெறுகின்றன.

இம்மாற்றத்தால் விளைந்த நன்மையை மறுக்க இயலாது. முற்காலத்தில் ஏழை, கொடையாளரின் கருணையை எதிர்பார்த்து வந்தார். கேள்வி கேட்கும் நிலையில் அவர் இல்லை. இன்று அட்டையோடு வருபவர் உரிமையுடையவராக வருகிறார். இருதய அறுவை சிகிச்சைக்காக வீட்டை அடமானம் வைத்த குடும்பங்களின் வேதனையை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

இழப்பும் உண்டு. கோஷா ஆஸ்பத்திரிக்கு வந்த தாய் எந்தச் சான்றிதழும் காட்ட வேண்டியிருக்கவில்லை. இன்றைய ஏழைக்கு நோயின் வேதனையோடு குடும்ப அட்டை, வருமானச் சான்று, ஆதார், முன் அனுமதி என்னும் படிகளும் உள்ளன. எழுத்தறிவும் துணையும் இல்லாதவர் அப்படிகளில் தடுக்கி விழுகிறார். மேலும், பெரிய அறுவை சிகிச்சைக்குக் கை கொடுக்கும் இத்திட்டம், சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்திற்கும் மாதந்தோறும் ஆகும் செலவைச் சுமப்பதில்லை. அவற்றிற்கான மருந்துகளை அரசு மருத்துவமனைகளும், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டமுமே தருகின்றன. கால் புண்ணாகி அழுகிய பின் கிடைக்கும் அறுவை சிகிச்சையைவிட, அந்நிலை வராமல் காக்கும் அன்றாட மாத்திரை மேலானது அல்லவா?

ஜமாஅத் செய்யத்தக்கது

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்கினால் ஓர் உண்மை தெளிவாகிறது. அரசு தனித்தும் இப்பணியை முடித்ததில்லை. தனியார் தனித்தும் முடித்ததில்லை. இருவரும் சேர்ந்த இடங்களில் வெற்றியைத் தீர்மானித்தவை இரண்டு. ஏழைக்கு உரியது இன்னது என்னும் நிபந்தனை எழுத்தில் இருந்தது முதலாவது. அந்த எழுத்தை அறிந்து, அது நிறைவேறுகிறதா என்று கேட்க ஆள் இருந்தது இரண்டாவது. வக்ஃப் ஆவணத்திற்குப் பொருந்தும் இவ்விதி காப்பீட்டு ஒப்பந்தத்திற்கும் பொருந்தும். அரசும் நிறுவனங்களும் கையெழுத்திடும் அந்த ஒப்பந்தத்தில், நோயாளி கையெழுத்திடுவதில்லை; அவர் பெயரால்தான் அது எழுதப்படுகிறது. ஆகவே அதன் வாசகத்தை அவர் சார்பில் அறிந்துவைப்பது அவரைச் சுற்றியுள்ளவர்களின் பொறுப்பு.

நம் பகுதியில் கடைகளில் பணிபுரியும் இளைஞர்கள் பலர் தென்மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களின் குடும்ப அட்டை சொந்த ஊரில் இருக்கிறது. ஆயினும் தகுதியுள்ள குடும்பத்தார், மாநிலத்தில் பட்டியலிலுள்ள எந்த மருத்துவமனையிலும் சிகிச்சை பெறலாம். இதை அறியாமல் வட்டிக்குக் கடன் வாங்கும் நிலை நம் மஹல்லாவில் ஒருவருக்கும் வரலாகாது. வட்டியின் தீமையை மிம்பரில் எடுத்துரைக்கும் நாம், அதன்பால் தள்ளும் நெருக்கடியிலிருந்து மீளும் வழியையும் காட்டக் கடமைப்பட்டவர்கள்.

எனவே சில பணிகளை ஜமாஅத்தார் முன் வைக்கிறேன். மருத்துவ உதவி கோரி விண்ணப்பம் வரும்போது, அந்தச் சிகிச்சை காப்பீட்டுப் பட்டியலில் உள்ளதா என்று முதலில் விசாரிக்க வேண்டும். படித்த இளைஞர் இருவர் அந்தப் பட்டியலையும், வருமானச் சான்று பெறும் வழியையும் கற்றுவைத்திருந்தால் போதும். தேவைப்படும் வீட்டாருடன் ஒருவர் மருத்துவமனைக்கு உடன் சென்று, திட்டத்திற்கென உள்ள தொடர்பு அலுவலரைச் சந்திக்கலாம். பணம் கேட்கப்பட்டால், எதற்காக என்று பணிவோடும் உறுதியோடும் கேட்டு, ரசீது பெறலாம். இப்பணியில் மதம் பார்க்க வேண்டியதில்லை; அண்டை வீட்டார் யாராயினும் நம் துணைக்கு உரியவரே.

இவ்வாறு அரசின் திட்டம் ஏற்கும் செலவை அரசிடமே பெற்றுவிட்டால், ஜமாஅத்தின் நிதி மற்றவற்றிற்கு மிஞ்சும். உடனிருப்பவரின் உணவு, போக்குவரத்து, வேலைக்குப் போகாத நாட்களின் குடும்பச் செலவு, மாதந்தோறும் தேவைப்படும் மருந்து ஆகியவற்றை எந்த ஒப்பந்தமும் முழுமையாக ஏற்பதில்லை. அரசின் கை எட்டாத அந்த இடங்களே நம் கொடை சென்று சேர வேண்டிய இடங்கள். ஒரே அறுவை சிகிச்சைக்குத் தந்துவந்த தொகையில் பல குடும்பங்களின் ஓராண்டு மாத்திரைச் செலவை ஏற்கலாம்.

வெங்கடகிரி அரசரைப் போல் பெருந்தொகை தர நம்மில் யாருக்கும் இயலாதிருக்கலாம். உஸ்மான் சாஹிப் அவர்களைப் போல் அரசின் குழுவுக்குத் தலைமை தாங்கும் வாய்ப்பும் கிட்டாதிருக்கலாம். டாக்டர் சஞ்சீவியின் சிறு சுகாதார மையத்தில் முதலுதவி கற்ற கிராமத்தார் செய்த பணியை நாம் செய்ய இயலும். தம் மக்களுக்கு உரியது என்ன என்று அறிந்திருந்தார்கள். அது வந்து சேர்ந்ததா என்று பார்த்தார்கள்.

நோயுற்றோர் அனைவருக்கும் வல்ல இறைவன் பூரண ஷிஃபாவை அருள்வானாக! அவர்களுக்குத் துணை நிற்கும் நல்லெண்ணத்தையும் ஆற்றலையும் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.